கெலுவாங் வேட்டைக்கு ஏற்ற காலம் எது?



சில நாட்களுக்கு முன், செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்கள் தாத்தா ஊரில் இருந்தபோது நரி வேட்டைக்கு இன்ன மாதம், இன்ன பொழுது, இன்ன வலை என்று கணக்கு வைத்திருந்தாராம். இங்கே நரி இல்லை. ஆனால் கெலுவாங் இருக்கிறது. அதைப் பிடிக்க எது நல்ல காலம்? எது நல்ல முறை?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். மலேசியக் காட்டில் நரி கிடையாது. ஆனால் 'பறக்கும் நரி' உண்டு. பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். அதன் முகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நீண்ட மூக்கு, பெரிய கண்கள், செம்பழுப்பு நிறக் கழுத்து, எல்லாம் நரிக்குட்டியைப் போலவே இருக்கும். மலாய்க்காரர்கள் அதைக் கெலுவாங் என்கிறார்கள். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தப் பிராணியால்தான்.

பெரியவரின் கேள்விக்கு நான் அன்று உடனே பதில் சொல்லவில்லை. இன்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன். அதற்கு முதலில் இந்தப் பிராணியின் வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிராணியைத் தெரியாமல் வேட்டையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

பெரிய கெலுவாங் சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி இருக்கும். எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பகலெல்லாம் உயர்ந்த மரங்களில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாய்ந்ததும் இரை தேடிப் புறப்படும். ஒரே இரவில் பல கிலோமீட்டர் போய்வரும். இங்கே பிடித்து, கருவி பொருத்தி விட்ட கெலுவாங்குகள் மலாக்கா நீரிணையைக் கடந்து சுமாத்திராவுக்கும், வடக்கே தாய்லாந்துக்கும் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, "இது எங்கள் தோட்டத்து வௌவால்" என்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

இனி வேட்டைக்கு வருவோம். வழக்கத்தில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, பகலில் அவை தொங்கும் மரத்தடிக்கே போய்ச் சுடுவது. இது சுலபம். ஆனால் அங்கேதான் தாயும் குட்டியும் சேர்ந்து இருக்கும். கெலுவாங் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். ஏறக்குறைய ஆறு மாதம் வயிற்றில் சுமக்கும். பிறந்த குட்டி முதல் சில வாரங்கள் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே இருக்கும். தாயைச் சுட்டால் இரண்டு உயிர் போகும்.

இரண்டு, அந்திப் பொழுதில் கூட்டம் புறப்படும்போது கீழிருந்து துப்பாக்கியால் சுடுவது. அரையிருட்டில் சுடும் குண்டு எங்கே படும் என்று சொல்ல முடியாது. சிறகு கிழிந்து தப்பிப் போகும் வௌவால் எங்கோ புதரில் விழுந்து சாகும். யாருக்கும் பயன்படாது. சற்று வளர்ந்த குட்டியைத் தாய் மரத்திலேயே விட்டுவிட்டுத்தான் இரைக்குப் போகும். தாய் திரும்பாவிட்டால் குட்டி பட்டினியால் சாகும்.

மூன்று, மரங்களுக்கு இடையே வலையோ தூண்டில் முட்களோ கட்டிவைப்பது. இதில் ஆந்தை மாட்டும், மற்றப் பறவைகளும் மாட்டும். சிக்கியவை விடியும்வரை துடித்துக்கொண்டு தொங்கும். எலியைப் பிடித்து நமக்கு உதவும் ஆந்தையை நாமே கொன்றால் நஷ்டம் யாருக்கு?

நான்கு, டுரியான் பூக்கும் காலத்தில் இரவில் மரத்தடியில் காத்திருந்து சுடுவது. பலர் இதைத்தான் சரியான காலம் என்று நினைக்கிறார்கள். நான் சொல்கிறேன், இதைவிடத் தவறான காலம் வேறு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் டுரியானின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்து வறட்சிக்குப் பிறகு மரம் பூக்கும். மூன்று நான்கு மாதங்களில் காய் முற்றிப் பழம் விழும். பூக்கும் நாட்களில் இரவில் கெலுவாங் மரத்தில் மொய்க்கும். காலையில் போய்ப் பார்த்தால் தரையெங்கும் பூ உதிர்ந்து கிடக்கும். "பாவி வௌவால் பூவையெல்லாம் தின்றுவிட்டதே" என்று தோட்டக்காரர் வயிறெரிந்து துப்பாக்கியைத் தேடுவார்.

ஆனால் டுரியான் பூவின் இயல்பு என்ன? பிற்பகலில் மலரும். இரவில் தேன் சுரக்கும். விடிவதற்குள் இதழ்களும் மகரந்தக் காம்புகளும் தாமாகவே உதிர்ந்துவிடும். வௌவால் வந்தாலும் உதிரும், வராவிட்டாலும் உதிரும். நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு கிளையைக் கொசுவலையால் மூடிக் கட்டிப் பாருங்கள். காலையில் வலைக்குள்ளேயும் இதழ்கள் உதிர்ந்து கிடக்கும்.

அப்படியானால் கெலுவாங் அங்கே என்ன செய்கிறது? நாக்கை நீட்டித் தேனைக் குடிக்கிறது. அப்போது அதன் முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மரத்துக்குப் போகும்போது அந்தப் பூவில் அது படுகிறது. டுரியானில் பல வகைகளுக்கு வேறொரு மரத்து மகரந்தம் கிடைத்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். தியோமான் தீவில் ஆய்வாளர்கள் டுரியான் மரங்களில் தானாகப் படம் பிடிக்கும் கேமராக்களைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். அங்குள்ள கெலுவாங் பூவைக் கெடுக்காமல் தேனை மட்டும் குடிப்பதும், அதனால் மரத்தில் காய் பிடிப்பதும் தெரிந்தன. அந்த ஆய்வு 2017-ஆம் ஆண்டு வெளிவந்தது.

கெலுவாங்குக்குச் சின்னத் தம்பி ஒன்றும் உண்டு. குகையில் வாழும் தேனுண்ணி வௌவால் அது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோம் அல்லவா? அந்த மலைக் குகைகளில் இந்த வௌவால்கள் வாழ்கின்றன. அவை டுரியான் பூவுக்கும் பெத்தாய்ப் பூவுக்கும் போகும். டுரியான் பூக்காத காலத்தில், முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் கடலோர அலையாத்திக் காட்டு மரங்களின் பூவைத் தேடிப் பறக்கும். இதை 1970-களிலேயே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். முருகன் மலையில் தூங்குகிற வௌவால் நம் வீட்டு டுரியானுக்கும் பெத்தாய்க்கும் இரவு வேலை பார்க்கிறது, நேயர்களே! சம்பளம் கேட்காத அந்த வேலைக்காரனைச் சுட்டுவிட்டு, "இந்த வருஷம் காய் பிடிக்கவில்லையே" என்று கவலைப்படுவது நியாயமா?

அடுத்தது, "அதுதான் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, சிலவற்றைப் பிடித்தால் குறைந்தா போகும்?" என்ற கேள்வி. குறைந்துதான் போகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, தீபகற்ப மலேசியாவில் அனுமதி பெற்று மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 கெலுவாங்குகள் வேட்டையாடப்பட்டதாகக் கணக்கிட்டது. அன்று இருந்தவை ஐந்து லட்சம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வேகத்தில் வேட்டை நடந்தால் 6 ஆண்டு முதல் 81 ஆண்டுக்குள் இனமே அற்றுப்போகக்கூடும் என்று அது எச்சரித்தது. எலி ஆண்டுக்குப் பல முறை குட்டி போடும், ஈடு செய்துவிடும். ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் பிராணியால் ஈடு செய்ய முடியாது.

இனி நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "கெலுவாங் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது" என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டிமார்களும் சொன்னார்கள், இங்குள்ள மற்ற இனத்தவரும் சொல்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் மூச்சிழுத்து அல்லாடும்போது பெற்ற மனம் எதையும் செய்யத் துடிக்கும். அந்தத் தவிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. கறி கிடைக்கும் வரை காத்திருந்து மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மூச்சுத் திணறல் முற்றினால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இழுத்துவிடும் மருந்தைத் தருவார்கள், அதைப் பயன்படுத்தும் முறையையும் சொல்லித் தருவார்கள். மூச்சிழுக்காத நாளிலும் தொடர்ந்து எடுக்கச் சொன்ன மருந்தை நிறுத்தக் கூடாது. வீட்டில் சிகரெட் புகை, குப்பை எரிக்கும் புகை, கொசுவர்த்திப் புகை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அதுதான் நல்ல வைத்தியம்.

வௌவாலைக் கையால் தொடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1998-ஆம் ஆண்டு கடைசியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, 1999-ல் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பரவிய கொடிய மூளைக்காய்ச்சல் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் சுவா காவ் பிங் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா கிருமி ஆயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? கெலுவாங்கின் உடலில் அது இயல்பாகவே இருக்கிறது. வௌவாலுக்கு அதனால் நோய் இல்லை. பன்றிக் கொட்டகையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால் கடித்துப்போட்ட பழம் கீழே விழ, அதைப் பன்றி தின்ன, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். வங்காளதேசத்தில் வௌவால் நக்கிய பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கு இதே நோய் வந்தது. 2018-ல் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் வந்தது.

இதைக் கேட்டுப் பயந்து, "அப்படியானால் எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுவோம்" என்று கிளம்ப வேண்டாம். வானத்தில் பறந்து போகிற வௌவால் நமக்கு நோய் தருவதில்லை. சுட்டு, கையால் எடுத்து, தோலுரித்து, இரத்தத்தில் கைவைப்பவர்தான் ஆபத்தைத் தேடிப் போகிறார். ஆகவே சில பழக்கங்களை மேற்கொள்ளுங்கள். கடித்த தடம் உள்ள பழத்தைத் தின்னாதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். ஆட்டுக் கொட்டகையையோ மாட்டுக் கொட்டகையையோ பழமரத்தடியில் கட்டாதீர்கள். தென்னையில் கள் இறக்குபவர்கள் பானையை மூடிக் கட்டுங்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். தப்பித் தவறிக் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"அப்படியானால் என் ரம்புத்தானை யார் காப்பாற்றுவது?" என்று கேட்பீர்கள். அதுவும் நியாயம். ரம்புத்தான், மாம்பழம் போன்றவற்றை வௌவால் தின்னத்தான் செய்யும். அதற்கு வழி உண்டு. காய் பழுக்கத் தொடங்கும்போதே குலைகளுக்குப் பை கட்டுங்கள். சிறிய மரமானால் முழு மரத்தையும் வலையால் மூடலாம். வலையின் கண்ணில் உங்கள் விரல் நுழையக் கூடாது. நுழைந்தால் வௌவாலும் பறவையும் சிக்கிக்கொள்ளும். வலையைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். பழுத்ததை மரத்தில் விட்டுவைக்காமல் மாலைக்குள் பறித்துவிடுங்கள். விளக்குப் போடுவதும் தகரம் தட்டுவதும் சில நாளைக்குப் பலிக்கும். பிறகு அவற்றுக்குப் பழகிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் கெலுவாங்கை வேட்டையாடுவது குற்றம். வேட்டைக்குரிய பருவம், முறை, நேரம் ஆகியவற்றை வகுக்க 2014-ல் தனி ஆணையும் வந்தது. தாத்தா காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கை இன்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. வனவிலங்கால் தொல்லை என்றால் முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

செபராங் பிறைப் பெரியவரே, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கெலுவாங் வேட்டைக்கு நல்ல காலம் எது என்று கேட்டீர்கள். பூக்கும் காலத்தில் சுட்டால் டுரியான் போகும். குட்டி போடும் காலத்தில் சுட்டால் இனம் போகும். எந்தக் காலத்தில் சுட்டுக் கையில் எடுத்தாலும் உங்கள் உடம்புக்குக் கேடு வரலாம். இவற்றைக் கழித்துப் பார்த்தால் ஆண்டில் ஒரு நாளும் மிஞ்சவில்லை, ஐயா. உங்கள் தாத்தா கணக்குப் பார்க்காமல் வலையைத் தூக்கியதில்லை. நீங்களும் கணக்குப் பார்த்து, வலையைப் பழமரத்தின் மேல் விரியுங்கள்.