காலுறையில் தொடங்கிய பாடம்



‘வெற்றி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வெற்றி என்றால் என்ன என்று வாழ்நாள் முழுக்க யோசித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஜான் வுடன். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர். 1910-ல் இந்தியானா மாநிலத்தில் பிறந்து, விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2010-ல், நூறு வயதை எட்டச் சில மாதங்களே இருந்தபோது மறைந்தவர்.

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 1948 முதல் 1975 வரை அவர்தான் பயிற்சியாளர். அதில் கடைசி 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம். அந்தப் பத்தில் ஏழு, ஆண்டு தவறாமல் அடுத்தடுத்து வந்தவை. 1971-க்கும் 1974-க்கும் இடையில் தொடர்ந்து 88 ஆட்டங்களில் அவருடைய அணி தோற்கவே இல்லை.

கைதட்டலாம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அவர் வந்து சேர்ந்தது 1948. முதல் தேசியப் பட்டம் வந்தது 1964. பதினாறாவது பருவத்தில்! அதுவரை அணி மோசமாக ஆடியது என்றில்லை, நன்றாகத்தான் ஆடியது. ஆனால் பெரிய கோப்பை வரவில்லை. மற்ற விளையாட்டு மாணவர்களும் சேர்ந்து நெருக்கும் ஒரு பழைய கூடத்தில், தரையைத் தானும் ஒரு கை பெருக்கிவிட்டுப் பயிற்சி கொடுத்தார். பதினைந்து வருடம் கோப்பை வாங்காத பயிற்சியாளரை நாம் விட்டுவைப்போமா? பதினைந்து மாதமாவது பொறுத்திருப்போமா?

அவர் எப்படிப் பொறுத்தார்? அவருடைய அளவுகோல் வேறு. அது விளையாட்டுத் திடலில் கிடைத்தது அல்ல, வகுப்பறையில் கிடைத்தது. இளம் வயதில் அவர் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பக்கத்து வீட்டுப் பையன் நடுத்தர மதிப்பெண் வாங்கினால் ‘பரவாயில்லையே’ என்பார்கள் பெற்றோர்கள். தங்கள் பிள்ளை அதே மதிப்பெண் வாங்கினால் பிள்ளையும் தோற்றுவிட்டான், வாத்தியாரும் தோற்றுவிட்டார்! சிரிக்கிறீர்கள். இது 1930-களின் அமெரிக்கா ஐயா, நம் தெரு இல்லை!

அதைப் பார்த்து வெறுத்துப்போய், 1934-ல் தனக்கென்று ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டார். தன்னால் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர முழுமூச்சாக முயன்றோம் என்று ஒருவனுக்கு உள்ளூரத் தெரியும்போது கிடைக்கும் மனநிறைவே வெற்றி. பிறகு அந்த நிலைக்கு எப்படி ஏறுவது என்று ஒரு பிரமிடு வரைந்தார். 15 குணங்கள். அடித்தளத்தின் இரு மூலைகளில் உழைப்பும் உற்சாகமும். வரைந்து முடிக்க 14 ஆண்டுகள் ஆயின.

இத்தோடு நின்றிருந்தால் அதுவும் சுவரில் மாட்டிய ஒரு படமாகப் போயிருக்கும். வுடனின் பெருமை அதற்கு அப்பால் இருக்கிறது. பருவத்தின் முதல் நாள். நாடு முழுவதும் தேடி எடுத்த ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று உலகம் அறிந்தவரும் அப்படி உட்கார்ந்தவர்தான். முதல் பாடம் என்ன தெரியுமா? காலுறை மாட்டுவது! விரலிடுக்கிலும் குதிகாலிலும் ஒரு மடிப்பு இல்லாமல் இழுத்துவிட வேண்டும். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். பயிற்சி போனால் ஆட்டம் போகும். ‘கவனமாக இரு’ என்று அவர் உபதேசம் செய்யவில்லை. கவனம் என்பதைக் காலில் மாட்டிக் காட்டினார்.

1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள், கேலிமோரும் தார்ப்பும், அவருடைய பயிற்சிகளைக் கூடவே உட்கார்ந்து கவனித்து, அவர் சொன்னதையும் செய்ததையும் எண்ணினார்கள். குறித்துக்கொண்டவை 2,300-க்கு மேல். வெறும் பாராட்டு நூற்றுக்கு ஏழு. வெறும் அதிருப்தியும் நூற்றுக்கு ஏழு. பெரும்பகுதி, இதை இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்ற குறிப்புகள். எல்லாம் ஓரிரு வாக்கியங்கள்தான்.

சரி, குணம்? 1947-ல் அவர் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரி அணியின் பயிற்சியாளர். ஒரு தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அந்தப் போட்டியில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அவர் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். நட்சத்திர ஆட்டக்காரர் அல்ல, மாற்று ஆட்டக்காரர். அழைப்பை மறுத்தார் வுடன். அடுத்த ஆண்டு தடை நீங்கியது. வாக்கரோடுதான் அணி போனது.

யு.சி.எல்.ஏ.வில் பில் வால்டன் என்ற நட்சத்திரம் ஒரு நாள் தாடியோடு வந்து நின்றார். தாடி வைக்கக் கூடாது என்பது அணியின் விதி. இது என் உரிமை என்றார் வால்டன். கொள்கைப் பிடிப்புள்ளவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் நீ இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கும் என்கிற பொருளில் அமைதியாகப் பதில் சொன்னார் வுடன். வால்டன் ஓடிப்போய் மழித்துக்கொண்டு வந்தார். மாற்று ஆட்டக்காரனை விட்டுக்கொடுக்கவில்லை, நட்சத்திரத்துக்காக விதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தலைமை என்றால் அதுதான்.

குறையே இல்லாத மனிதரா? இல்லை. ஒரு பணக்கார ரசிகர் விதிகளுக்கு மாறாக ஆட்டக்காரர்களுக்குச் சலுகைகள் செய்தார் என்ற செய்திகள் அவருடைய ஓய்வுக்குப் பிறகு விரிவாக வெளிவந்தன. வுடன் இன்னும் கண்டிப்பாகத் தடுத்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதையும் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அவர் கேட்ட நேர்மைக்கு நாம் செய்யும் துரோகம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். ‘நல்லா படி’, ‘ஒழுங்கா இரு’, ‘முன்னுக்கு வா’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அதில் பிள்ளை செய்து பார்க்க என்ன இருக்கிறது? இந்தக் கணக்கை இந்த வழியில் போடு, இந்தப் பத்தியை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார், பந்தை எறியும்போது முழங்கையை உள்ளே வை என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பிள்ளையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வோம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. கோப்பை வராத வருடங்களிலும் பயிற்சிக்கு வாருங்கள்.