இரண்டு ஷில்லிங்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் நமது சாப்ளின் அளித்த செய்தி)



வேல்ஸ் நாட்டின் துறைமுகப் பட்டணமாகிய கார்டிஃபில் சில நாட்கள் தங்க தேவன் எங்களுக்குக் கிருபை செய்தார். அங்கே பியூட்டவுன் என்னும் பழைய துறைமுகப் பகுதியைச் சுற்றிப் பார்த்தோம். டைகர் பே என்ற பெயரில் ஒரு காலத்தில் கப்பல்காரர் நன்றாய் அறிந்திருந்த இடம் அது. அங்கே கண்டவற்றில் ஒன்றை மாத்திரம் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

1839-ல் பியூட் பிரபு அங்கே முதல் கப்பல்துறையைத் திறந்தார். பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி ரயிலில் வந்து, அங்கிருந்து உலகமெங்கும் போயிற்று. 1913-ஆம் ஆண்டில் மாத்திரம் ஒரு கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. கப்பல்களில் வந்த சோமாலியர், ஏமன் நாட்டார், மேற்கிந்தியத் தீவினர் எனப் பல தேசத்தார் அங்கேயே குடியேறினார்கள். நார்வே மாலுமிகளுக்காக 1868-ல் எழுப்பிய வெள்ளை மரக்கோவில், பிற்காலத்தில் இடம் மாற்றிக் கட்டப்பட்டு, இன்றும் கரையோரத்தில் நிற்கிறது.

ஆனால் எங்களை நிறுத்தியது ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம். அதன் பெயர் ராயல் ஹமட்ரயாட்.

அது கப்பலாகத் தொடங்கிய ஆஸ்பத்திரி. தூரதேசத்திலிருந்து காய்ச்சலோடு வந்திறங்கிய மாலுமிகளைக் கண்டு பட்டணத்தார் பயந்தார்கள். நகரச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் ஹென்றி பெயின் அவர்களைக் கைவிட மனதில்லாமல் ஒரு வழி கண்டார். ஹமட்ரயாட் என்னும் பழைய போர்க்கப்பலைக் கொண்டுவந்து, 1866-ல் அதிலே கட்டில்கள் போட்டார்கள். எந்த நாட்டு மாலுமியானாலும் வைத்தியம் இலவசம். 1905-ல் கரையில் கட்டடம் எழும்பும்வரை அந்தக் கப்பலே ஆஸ்பத்திரியாயிருந்தது. கட்டடத்தில் நடந்த ஆஸ்பத்திரி 2002-ல் மூடப்பட்டது.

செலவுக்கு என்ன செய்தார்கள்? துறைக்கு வந்த கப்பல்கள் நூறு டன்னுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் மனமுவந்து கொடுத்தன. ஆயிரம் டன் கப்பலுக்கு ஒரு பவுன். சிறு தொகைதான். ஆனால் கப்பல் தோறும் கொடுத்ததால் ஒரு ஆஸ்பத்திரி நடந்தது.

அதே இடத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. 1919 ஜூன் மாதத்தில் கறுப்பு நிறத்தாரின் வீடுகளைக் கூட்டத்தார் தாக்கினார்கள். கலவரத்தில் மூன்று பேர் மடிந்தார்கள். 1952-ல் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய மாலுமி, செய்யாத கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக வாதாடிய வக்கீலே அவரை இழிவாய்ப் பேசினார். 1998-ல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. அவருடைய மனைவி, ஒரு வேல்ஸ் பெண்மணி, 45 வருஷம் அந்த நிந்தையைப் பிள்ளைகளோடு சுமந்தார். அந்நியனுக்குக் கட்டில் கொடுத்த பட்டணம், அவன் சொல்லுக்குச் செவிகொடுக்கத் தவறிற்று.

அந்த வாசலில் நின்றபோது எங்கள் மனது எங்களையே குத்திற்று. சில வருஷங்களுக்கு முன், நம் பாஷை தெரியாத ஒரு கூலியாள், துணைக்கு ஒருவருமில்லாமல் வார்டில் கிடந்தார். கட்டிலண்டையில் ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். காலையில் அந்தக் கட்டில் காலியாயிருந்தது. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. விலகிப்போன ஆசாரியனைப்பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்த நாங்கள்தான் இப்படிச் செய்தோம்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்ததும் இரண்டு பணந்தான். ஆனால் அதற்குமுன் அவன் கிட்டே வந்தான், காயத்தைக் கட்டினான், அன்றிரவு கூடவே இருந்தான். திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான்.

பிரியமானவர்களே, மாதந்தோறும் நீங்கள் அனுப்பும் காணிக்கை சிறிதென்று எண்ணவேண்டாம். துணையற்று வருகிற ஒருவருக்கு அதனால் ஒரு கட்டில் கிடைக்கிறது. அந்தக் கட்டிலண்டையில் உட்கார்ந்து, பெயரைக் கேட்டு, சொல்லுவதைப் பொறுமையாய்க் கேட்பது எங்கள் கடமை. அதில் நாங்கள் தவறாதபடி எங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.