வீசி எறியப்பட்ட நட்சத்திரம்



திரையிலே, குண்டடிபட்டுக் கிடக்கிறான் ஒருவன். அவனது காயம்பட்ட காலைத் தன் காலால் மிதிக்கிறான் காவல் அதிகாரி. கிடப்பவன் கதறுகிறான், வழக்கறிஞர் வேண்டும், உரிமை உண்டு எனக்கு என்று அலறுகிறான். பார்க்கும் நம் நெஞ்சிலே இரக்கம் எழவில்லை. இன்னும் மிதி என்கிறது! ஏன்? எண்ணிப் பார்த்ததுண்டா?

1971இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தைத்தான் குறிப்பிடுகிறேன். டான் சீகல் இயக்கியது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்தது. சான் பிரான்சிஸ்கோ நகரிலே, மாடிமீதிருந்து மக்களைச் சுட்டுக் கொல்கிறான் மாபாவி ஒருவன். 14 வயதுச் சிறுமியைக் கடத்தி, உயிரோடு புதைத்துவிட்டதாகக் கூறிப் பணம் கேட்கிறான். இன்ஸ்பெக்டர் ஹாரி, உத்தரவின்றி அவன் இருப்பிடம் புகுகிறான். மிதித்து உண்மையைக் கறக்கிறான். சிறுமியோ பிணமாகத்தான் கிடைக்கிறாள். முறைதவறித் திரட்டிய சான்று செல்லாது என்பதால், கொலைகாரன் வெளியே வருகிறான். பள்ளிப் பேருந்தைக் கடத்துகிறான். இறுதியில் அவனைச் சுட்டு வீழ்த்திய ஹாரி, தன் ஏழுமுனை நட்சத்திரச் சின்னத்தை நீரிலே வீசி எறிகிறான்!

கைதேர்ந்தோர் ஆக்கிய படம், மறுக்கவில்லை. நாடகம் எழுதுபவன் நான். அதன் சூட்சுமம் அறிவேன். முதற் காட்சியிலேயே கொலைகாரனைக் கொலைகாரனாகக் காட்டிவிடுகிறார்கள். பிறகு சாட்சி எதற்கு? சட்டம் எதற்கு? எல்லாம் இடையூறாகத்தானே தெரியும்! ஆனால், தெருவிலே பிடிபடுபவனின் முதற் காட்சியை நமக்குக் காட்டியவர் யார்? அதைக் கண்டறியத்தானே நீதிமன்றம்!

படம் பழிக்கும் தீர்ப்புகளுள் ஒன்று, 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்தது. வாய்திறவாதிருக்கவும் வழக்கறிஞரை நாடவும் உரிமை உண்டு எனப் பிடிபட்டவனிடம் கூறிய பின்னரே விசாரிக்க வேண்டும் என்றது அது. சரி, அந்த மிராண்டா தப்பித் திரிந்தானா? இல்லை! பழைய வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு நடந்த மறுவிசாரணையில், 1967இல் மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சட்டம் குற்றவாளிக்குக் குடைபிடிக்கவில்லை, தோழர்களே. காவலரை ஒழுங்காக உழைக்கச் சொன்னது!

படம் வென்றது, வழியும் வகுத்தது. மேலதிகாரி தடுப்பார், விதி தடுக்கும், வீரன் மீறுவான், வெல்வான்! 1986இல் வந்த ‘கோப்ரா’ முதலாக, இந்த அச்சிலே வார்க்கப்பட்டவை எத்தனை எத்தனை!

பாசிச வாடை வீசுகிறதென அன்றே சாடினார் விமர்சகர் பாலின் கேல். 1973இல் அடுத்த படம், ‘மேக்னம் ஃபோர்ஸ்’ வந்தது. அதிலே, குற்றவாளிகளை இரகசியமாகக் கொன்று குவிக்கும் இளங்காவலர்களை எதிர்க்கிறான் ஹாரி. ஆம், ஹாரி விதைத்ததை ஹாரியே களையெடுக்க நேர்ந்தது!

படம் பாருங்கள், சுவையுங்கள். கைதட்டுமுன் ஒரு நொடி, மிதிபடும் கால் குற்றமற்ற ஓர் ஏழையின் காலாக இருந்தால் என்று எண்ணுங்கள். நட்சத்திரத்தை எறிந்த கையிலே துப்பாக்கி மட்டும் மிஞ்சுகிறது. சட்டமில்லாத துப்பாக்கி எவரைக் குறிபார்க்கும் என்பதை, எளியோரைக் கேளுங்கள், அவர்கள் அறிவார்கள்!