உண்டியும் நியமமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விருந்துண்டு அமர்ந்திருக்கும் உங்கள்முன் உணவைப்பற்றிப் பேசத் துணிந்தேன், பொறுத்தருள்க. எளிய உணவை மகிழ்ந்துண்பது மேலா? தேகாரோக்கிய நியமங்களை அணுவளவும் பிசகாது காப்பது மேலா? நம் இல்லங்களில் நாடோறும் நிகழும் வழக்கு இது.

முதலில் நியமத்தின் கட்சியைக் கூறுவேன். வெனிஸ் நாட்டுப் பிரபுவாகிய லூயிஜி கொர்னாரோ என்பார் இளமையில் போகங்களில் ஆழ்ந்து, நாற்பது வயதளவில் கடும்பிணியுற்றார். வைத்தியர் சொற்படி மிதவுணவை மேற்கொண்டு, நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் உணவும் 14 அவுன்ஸ் திராட்சரசமும் என வரையறுத்துக்கொண்டார். தம் அனுபவத்தை 1558-இல் நூலாக வெளியிட்டு, எண்பது வயதைக் கடந்து, 1566-இல் காலமானார். ஒருவர் வாழ்வு எல்லோர்க்கும் சட்டமாகாது. எனினும் அந்நூலில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அளவைச் சுருக்கிய பின்னரே வெறும் ரொட்டியும் தமக்கு அத்துணைச் சுவைத்தது என்று அவர் மகிழ்கின்றார். அவருடைய நியமம் பிறர் விதித்த தண்டனையன்று. தாமே விரும்பி ஏற்றது. ஆதலின் அதனுள் இன்பமும் இருந்தது.

இதனை யான் உணர்ந்தது என் தாயாரால். அவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருந்தன. யான் பத்திரிகைகளைப் படித்துப் படித்து, அவர் விரும்பிய கேழ்வரகுக் கூழையும் மாவடுவையும் அறவே விலக்கினேன். பேரப்பிள்ளைகள் பந்தியில் அமர, அவர் மட்டும் உப்பில்லாக் கஞ்சியுடன் தனியே இருப்பார். நாளடைவில் அக்கஞ்சியையும் பாதியில் வைத்துவிட்டார். உடல் மெலிந்தது; பேச்சுங் குறைந்தது. யான் மருத்துவரிடம் பெருமிதத்துடன் என் கட்டுப்பாடுகளை எடுத்துரைத்தேன். அவரோ, "அளவைக் குறைக்கச் சொன்னேன்; அம்மாவைப் பட்டினி போடச் சொல்லவில்லையே!" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

மறுநாள் ஒரு சிறு கிண்ணம் கூழும், உப்பிடாத மோரும், நகக்கண் அளவு மாவடுவும் அவர் இலையில் வைத்தோம். எங்களோடு அமர்ந்து உண்டார். அன்று அவர் முகத்திற் கண்ட மலர்ச்சியை எந்த ஔஷதத்தாலும் யான் கண்டதில்லை.

இதனால் நியமமே வேண்டா என்பது என் கருத்தன்று. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. நம் ஊறுகாய்ப் பிரியர்கள் இதனைக் கவனிக்க! நோயாளர் வைத்தியர் சொல்லை மீறுதல் தற்கொலைக்கு ஒப்பாம். ஆனால் விதி வேறு, அச்சம் வேறு. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் விலக்கவேண்டிய பண்டங்களுக்கு அட்டவணை தரவில்லை. முன் உண்டது அற்றதறிந்து, நன்கு பசித்தபின், ஒத்த உணவை அளவோடு உண்க என்பதே அவர் காட்டும் வழி. அவ்வழியில் நாவிற்கும் இடமுண்டு, உடலுக்கும் காவலுண்டு.

பிறிதொன்றும் சொல்லி முடிப்பேன். விருந்தினர் வந்தால் கூழ்ப்பானையை மறைத்துவைத்த குடும்பங்கள் நம்மில் பல. 2023-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளால் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பெற்ற பின், அதே தானியத்தை அழகிய பொட்டலத்தில் அதிக விலைக்கு வாங்கி, மருந்துபோல் முகஞ்சுளித்து விழுங்குகின்றோம்! மறைத்தபோதும் வெட்கம்; உண்ணும்போதும் அச்சம். மகிழ்ந்துண்பது எந்நாளோ?

ஆதலின் சகோதரர்களே, உங்கள் வீட்டு முதியோர்க்குப் பத்தியம் வகுக்குமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களைத் தனியே உண்ணவிடாதீர்கள். இதுவே என் வேண்டுகோள்.