மழைக்காலத்துப் புதினா

நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் லயத்துப் பின்புறத்தில் நாம் வைத்த புதினாவும் கொத்தமல்லியும் அழுகிப்போகின்றன. மழையைக் குறைசொல்கிறோம். உண்மையில் வேரடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அவற்றைக் கொல்கிறது.

ஆகவே மழைக்கு முன்பே நாலைந்து புதினாத் தண்டுகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பால்மாவு டின்னில் நட்டு, வெளிச்சம் படும் சன்னலோரத்தில் வைப்போம். டின்னின் அடியில் ஆணியால் ஐந்தாறு துளைகள் வேண்டும். இதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். பிள்ளைகளின் இருமலுக்கு நாம் தேடும் கற்பூரவல்லியும் இப்படியே ஒரு கிளையில் பிழைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் வேண்டாம். புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த டின், எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும், கறிவேப்பிலைக்குக்கூட ஆகாது. காப்பிக்கடையில் காலி பிஸ்கட் டின் கேட்டுப் பார்ப்போம்.