ஐந்தில் ஒன்றா, ஒன்றுக்கு ஐந்தா?

இன்னைக்குப் பேசப்போறது டைல்யூஷன், அதாவது நீர்த்தல். லேப் டெக்னீஷியன் படிப்பில் முதல் வருஷமே வர்ற பாடம்தான். ஆனா எனக்கு அது உறைச்சது வேலைக்கு வந்த பிறகுதான்.

சேர்ந்த புதுசு. நைட் டியூட்டி. அவசரப் பிரிவிலிருந்து ஒரு சுகர் சாம்பிள் வந்தது. அனலைசர் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டின அளவு. அப்படி வந்தால் சாம்பிளை நீர்த்து மறுபடி ஓட்டி, வர்ற எண்ணை எத்தனை மடங்கு நீர்த்தோமோ அதால் பெருக்கணும். ஐந்து மடங்குன்னு முடிவு பண்ணினேன். 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, அதோட 500 மைக்ரோலிட்டர் சலைன். ரீடிங் 120. ஐந்தால் பெருக்கி 600-ன்னு ரிப்போர்ட் போட்டேன்.

இன்சுலின் ஏத்த ஆரம்பிச்சாங்க. இரண்டு மணி நேரம் கழிச்சு அடுத்த சாம்பிள். அதை சீனியர் அக்கா ஓட்டினாங்க. 650. உடனே டாக்டர் போன் பண்ணினார். "இன்சுலின் போயிட்டிருக்கு, சுகர் எப்படி ஏறுது? டோஸைக் கூட்டணுமா?"

அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, முதல் சாம்பிள்ல எவ்வளவு சலைன் விட்ட?"

"500, அக்கா."

அவங்க திட்டலை. அந்தப் பழைய சாம்பிளையே எடுத்து 100-க்கு 400 சேர்த்து ஓட்டினாங்க. ரீடிங் 144. ஐந்தால் பெருக்கினா 720. ஆக, சுகர் 720-லிருந்து 650-க்கு இறங்கிட்டுதான் இருந்திருக்கு. ஏறின மாதிரி காட்டினது என் ரிப்போர்ட். அக்கா உடனே டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, திருத்தின ரிப்போர்ட்டை அனுப்பினாங்க. டோஸைக் கூட்டலை.

தப்பு எங்கே? ஐந்தில் ஒன்று என்றால் மொத்தமே ஐந்து பங்கு. ஒரு பங்கு சாம்பிள், நாலு பங்கு சலைன். நான் செய்தது ஒன்றுக்கு ஐந்து, மொத்தம் ஆறு பங்கு. என் 120-ஐ ஆறால் பெருக்கியிருந்தா அதே 720 வந்திருக்கும். மொத்த அளவை சாம்பிள் அளவால் வகுத்தால் வருவதுதான் டைல்யூஷன் ஃபேக்டர்.

இதே கணக்குதான் வெள்ளை அணுக்களை எண்ணும்போதும். 20 மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 380 மைக்ரோலிட்டர் டர்க் திரவம். ஏன் 400 இல்லை? மொத்தம் 400 ஆனால்தான் இருபதில் ஒன்று. தரை துடைக்கிற ஹைப்போகுளோரைட்டும் அப்படித்தான். 5 சதவீதக் கரைசலிலிருந்து 1 சதவீதம் ஒரு லிட்டர் வேணும்னா, 200 மில்லி எடுத்து 800 மில்லி தண்ணீர் சேர்க்கணும்.

அலகையும் விட்டுடாதீங்க. நாம சுகரை டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, இத்தனை மில்லிகிராம்னு சொல்றோம். பிரிட்டனில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். அங்கிருந்து வர்ற ரிப்போர்ட்டில் 7-ன்னு இருந்தா பயப்படாதீங்க. 18-ஆல் பெருக்கினா நம்ம 126. அலகு எழுதாத எண்ணை நம்பாதீங்க.

அந்த ராத்திரிக்கு அப்புறம் ரிஜிஸ்டரில் வெறும் விடையை நான் எழுதுவதில்லை. "100 + 400 = 500, பெருக்கல் 5" என்று முழுசா எழுதுவேன். நான் தப்பு பண்ணினாலும், அடுத்து வர்றவர் பார்த்துக் கண்டுபிடிச்சிடலாம். நீங்களும் நாளைக்கே ஆரம்பிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.