கடற்கரை மணலில் ஒரு கலையூர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பற்றிப் பேசுவதற்கு இம்மேடையில் புலவர் பெருமக்கள் பலர் உளர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சிகந்தராபாத்தில் இரயில்வே குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் நாம் அவர்கள் வழியில் குறுக்கிடுதல் முறையன்று. ஆதலின் நம் தாயகத்துக் கடற்கரையில் ஓவியர்களும் சிற்பிகளும் கூடி அமைத்த ஓர் ஊரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமமே அது.

பெயரைக் கேட்டவுடன் நம் துறையினர்க்குக் கோரமண்டல் விரைவு வண்டி நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே சொல்தான். சோழமண்டலக் கரையை ஐரோப்பியர் தம் நாவிற்கு இசைய ‘கோரமண்டல்’ ஆக்கினர். ஓவியர்கள் பழம்பெயரை மீட்டுக்கொண்டனர்.

அவ்வூரின் தொடக்க நாள்களைப் பற்றி இன்று பேசுவோரிடம் ஓர் ஏக்கம் காணப்படுகின்றது. சவுக்குத் தோப்பு, வெண்மணல், கீற்றுக் குடிசை, தாடி, ஜோல்னாப்பை, விடிய விடியப் பேச்சு, மேலதிகாரி இல்லாத வாழ்வு. ஆகா, அதுவன்றோ வாழ்க்கை என்று பெருமூச்செறிகின்றனர். மார்ச்சு மாதக் கணக்கு முடிக்கும் வெயில் நாள்களில் நாமும் அப்படி ஏங்கியதுண்டு. எனினும் அவ்வேக்கத்தோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. அதை முன்வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மேலைநாட்டார் இத்தகைய வாழ்வை ‘பொஹீமிய’ வாழ்வு என்பர். நாடோடிக் கூட்டத்தார் பொஹீமியா நாட்டிலிருந்து வந்தவர் என்று பிரெஞ்சுக்காரர் எண்ணியதால் வந்த பெயர் அது. பின்னர், வாடகை கொடுக்க வழியின்றிப் பாரிஸ் நகரத்து மாடி அறைகளில் குளிரில் நடுங்கிய ஓவியர்க்கும் கவிஞர்க்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1896இல் புச்சினி என்னும் இத்தாலிய இசையறிஞர் அவர்களை வைத்து ஓர் இசை நாடகமே இயற்றினார். அதனைக் கண்டு கண்ணீர் விட்ட சீமான்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் ஓர் ஓவியனுக்குத் தம் மகளைக் கொடுத்திருப்பர் என்பது வேறு கேள்வி.

சோழமண்டலத்தார் அத்தகைய நாடோடிகளா? வரலாற்றைப் பார்ப்போம்.

இவ்வூரை நிறுவ முன்னின்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தைத் தாங்கும் பொருட்டுத் தந்தித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். எனவே ஒருவகையில் நம் இனத்தவர் என்று நாம் உரிமை கொண்டாடலாம். பின்னர் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் காணாத தமிழர் உண்டோ? அச்சிலையை வடித்தவரே ராய் சௌத்ரி. பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1957இல் அக்கல்லூரிக்கே தலைவரானார்.

அங்கே அவர் கண்ட காட்சி ஒன்றுதான். திறமைமிக்க மாணவன் ஆறாண்டு பயின்று வெளியேறுவான். அந்நாளில் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவார் இல்லை. சிலர் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றனர். சிலர் ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்து தூரிகையை மறந்தனர். ‘இது சோறு போடுமா?’ என்று தந்தையர் கேட்கும் கேள்வியைக் கலைஞர் பலர் இகழ்ச்சியாகக் கொள்வர். பணிக்கர் அப்படிக் கொள்ளவில்லை. அதனை நேர்மையான கேள்வியாகவே ஏற்று, விடை தேடினார்.

அவர் கண்ட விடை பாத்திக். துணியின்மீது உருக்கிய மெழுகால் உருவம் தீட்டிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மீண்டும் மெழுகு, மீண்டும் வேறு சாயம்; முடிவில் வெந்நீரிலிட்டு மெழுகை நீக்கினால் உருவம் துலங்கும். மெழுகில் விழுந்த வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து நரம்பு போல் ஓடுவது இதன் தனியழகு. இளம் ஓவியர்கள் இக்கைத்தொழிலில் இறங்கினர். தோல் வேலை, உலோக வேலை முதலியவையும் சேர்ந்தன. கூட்டுறவு முறையில் கைவினைச் சங்கம் அமைத்துப் பொருள்களை விற்றனர். அவ்வாறு ஈட்டிய பணத்தைக்கொண்டே கடலோரத்தில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் உருவாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் தென்மத்திய இரயில்வே சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது என்பதை இங்கே குறித்து மகிழ்கின்றோம். பின்னதற்கு அரசின் பொக்கிஷம் இருந்தது. முன்னதற்கு ஒரு மெழுகுச் சட்டி இருந்தது.

இதன் நுட்பத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். வயிற்றுக்குக் கைத்தொழில், உள்ளத்துக்கு ஓவியம் என்று இரண்டையும் பிரித்து வைத்தனர். கைத்தொழிலால் அரிசியும் எண்ணெயும் வந்துவிட்டால், வாங்குவோன் விருப்பத்திற்காக ஓவியத்தை வளைக்க வேண்டியதில்லை. பணிக்கர் தாமே அக்காலத்தில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஜாதகக் கட்டம் போலவும், கணக்குக் குறி போலவும், படிக்க இயலாத எழுத்து வரிகள் போலவும் அமைந்தவை அவை. நம் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கும் பழைய ஜாதக ஓலையைப் பார்த்தவர்க்கு அவை அந்நியமாகத் தோன்றா. எனினும் வரவேற்பறையில் மாட்ட எத்தனை பேர் வாங்கியிருப்பர்? விற்றே தீரவேண்டும் என்னும் நெருக்கடி இல்லாததால், தீட்ட விரும்பியதைத் தீட்ட முடிந்தது.

ஆக, அவர்கள் வாடகை கொடாமல் ஓடிய நாடோடிகள் அல்லர். நிலம் வாங்கிக் கிணறு வெட்டிக் குடியேறிய குடித்தனக்காரர்கள். கேரளத்திலிருந்து வந்த கோபிநாத், ஹரிதாசன், விசுவநாதன், மைசூரிலிருந்து வந்த வாசுதேவ், தமிழரான சேனாதிபதி எனப் பல மொழியினர் அங்கு ஒன்றுகூடினர். தெலுங்கும் உருதும் தமிழும் ஒரே குழாயடியில் கலந்தொலிக்கும் நம் குடியிருப்பில் வாழ்வோர்க்கு இதன் இனிமையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இனிமையோடு இன்னலும் இருந்தது. மணலில் வாழ்ந்த குடும்பப் பெண்டிரை ஏக்கப் பேச்சுப் பேசுவோர் நினைப்பதில்லை. அர்னவாஸ் போன்ற பெண்கள் தாமே ஓவியர்களாகவும் இருந்தனர். அவர் 1988இல் மறைந்தார்.

இராமானுஜம் என்பாரையும் கூறாமல் விடலாகாது. சென்னையைச் சேர்ந்த ஏழை இளைஞர். பேச்சில் தடை; மனத்தில் ஓயாத துன்பம். ஆனால் மையும் பேனாவும் கையிலெடுத்தால் கோபுரங்களும் மாளிகைகளும் நாகங்களும் இறக்கை கொண்ட தேவதைகளும் காகிதத்தில் திரண்டெழும். அக்கனவுலகில் தொப்பியணிந்து உலவும் சிறு மனிதராகத் தம்மையும் வரைந்துகொள்வார். வெளியுலகம் எள்ளி நகையாடிய அவருக்குப் பணிக்கர் ஆசிரியராய் நின்று ஊக்கமளித்தார், சோழமண்டலம் இடமளித்தது. அப்படியிருந்தும் 1973இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடற்காற்றும் தோழமையும் எல்லா நோயையும் தீர்த்துவிடும் என்று கதை கட்டுவோர் இந்த இடத்தில் வாய்மூடிச் சற்றே நிற்க வேண்டும். அந்த ஊர் அவருக்குச் சில ஆண்டுகளைக் கொடுத்தது. அவ்வாண்டுகளில் பிறந்த படங்கள் இன்று பெரும் மதிப்புடையவை.

பணிக்கர் 1977இல் காலமானார். விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் முன்பே பாரிஸ் சென்று வாழத் தொடங்கிவிட்டனர். வாசுதேவ் பின்னாளில் பெங்களூர் சென்றார். பணிக்கரின் மைந்தரும் சிற்பியுமான நந்தகோபால் அவ்வூரிலேயே வாழ்ந்து 2017இல் மறைந்தார். மணல்வழி கிழக்குக் கடற்கரைச் சாலையாயிற்று. சுற்றிலும் மாளிகைகள் எழுந்தன. நிலத்தின் விலையை நம்மைப் போன்றோர் கேட்டால் மயக்கம் வரும். 2009இல் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

இப்போது நம் குடியிருப்புக்கு வருவோம். இங்கே ஒரு சிறுவன் இருக்கிறான், பெயர் வேண்டா. மார்கழிக் கோலப் போட்டிக்கு வரும் பெண்மணிகளே வியக்குமாறு படம் வரைகின்றான். மாசாப் டாங்க்கில் உள்ள நுண்கலைக் கல்லூரியில் சேர விரும்புகின்றான். அவன் தந்தையார் நம் நண்பர். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “சோறு போடுமா, சொல்லுங்கள்” என்று கேட்டார். ‘கலை தெய்விகமானது’ என்று நாம் விடை கூறவில்லை. அது அவர் கேட்ட கேள்விக்கு விடையாகாது. மெழுகுச் சட்டியின் கதையைத்தான் கூறினோம். பையன் ஓவியத்தோடு கைத்தொழில் ஒன்றும் பழகட்டும் என்றோம். நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. விண்ணப்பத்திற்குரிய நாள் நெருங்கிக்கொண்டிருக்கின்றது.

கோடை விடுமுறையில் சென்னை செல்லும் குடும்பத்தார் மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிப் பிள்ளைகளுக்கு இவ்வூரைக் காட்டுங்கள் என்று வேண்டுகின்றோம். நம் நண்பரும் மகனோடு போய்வர இசைந்துள்ளார். இரண்டு பயணச்சீட்டுக்கு நாமே பதிவு செய்துவிட்டோம்.